லயத்து வீடும் நகரத்து வீடும்: போனக்காட்டில் ஓர் ஆங்கிலப் பாடம்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் போனால் சாலை முடிந்துவிடும். அந்த இடம்தான் போனக்காடு. அகத்தியர்கூடத்துக்கு யாத்திரை போகிறவர்கள் நடக்கத் தொடங்கும் இடம் என்றால் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தை பிறந்தால் முதுகில் மூட்டையும் கையில் கம்புமாக ஜனங்கள் வந்து இறங்குவார்கள்.

நான் போனது யாத்திரைக்கு அல்ல. என்னோடு ஆபீசில் வேலை பார்க்கும் நண்பரின் அக்காள் அங்கே லயத்தில் குடியிருக்கிறார். நண்பருக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் கொடுத்த மருந்துப் பொட்டலத்தையும் ஒரு பை அரிசியையும் எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஏறினேன். கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் எண்ணம். ஆனால் மாலை வரை அங்கே உட்கார்ந்து ஆங்கிலப் பாடம் நடத்த வேண்டியதாயிற்று!

கவாத்து காணாத தேயிலை

வெள்ளைக்காரர் காலத்தில் உண்டான தேயிலைத் தோட்டம் இது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டுப் பக்கத்திலிருந்தும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். தோட்டம் நொடித்துப் போய் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்கள் துருவேறி நிற்கின்றன. கவாத்து இல்லாததால் தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்துவிட்டன. சம்பள பாக்கி, கிராஜுவிட்டி பாக்கி என்று காத்திருந்து சலித்தவர்களில் பலர் மலையிறங்கிவிட்டார்கள். போக இடம் இல்லாதவர்களும், போக மனம் இல்லாதவர்களும் லயங்களில் இருக்கிறார்கள்.

லயம் என்றால் என்ன என்று நகரத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாகச் சிறு வீடுகள். இந்த வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். முன்னால் ஒரு திண்ணை, ஒரு அறை, பின்னால் அடுக்களை. மூணாறு, வால்பாறை, இலங்கை மலையகம், எங்கே போனாலும் தேயிலைத் தமிழனுக்கு வாய்த்தது இந்த வரிசை வீடுதான்.

அடித்துவிட்ட மூன்று வரி

"வாங்க தம்பி, மழைக்கு முன்னால வந்துட்டீங்க" என்று அக்காள் கட்டன் சாயா கொடுத்தார். அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பு. திண்ணையில் நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, எழுதாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கண்ணு, பாடமா?" என்றேன்.

"இங்கிலீஷ் ஹோம் ஒர்க் மாமா. நம்ம வீட்டையும் டவுன் வீட்டையும் ஒப்பிட்டுப் பத்து வரி எழுதணும்."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். மூன்று வரி எழுதி, மூன்றையும் குறுக்கே அடித்திருந்தாள். "என் வீட்டில் டிராயிங் ரூம் இருக்கிறது, டைனிங் ரூம் இருக்கிறது, முன்னால் அழகான தோட்டம் இருக்கிறது" என்பது அந்த ஆங்கில வரிகளின் பொருள்.

"நல்லாத்தானே இருக்கு? ஏன் அடிச்சே?"

"அது கைடுல உள்ளது மாமா. பொய்தானே!"

"அப்படின்னா உள்ளதை எழுது."

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உள்ளதை எழுதினா எல்லாமே ஸ்மாலர், ஓல்டர், வொர்ஸ் அப்படின்னுதான் வரும். எழுதினதைக் கிளாஸ்ல எழுந்து நின்னு வாசிக்கச் சொல்வாங்க."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை முடித்தவன். இலக்கணம் கேட்டால் ஏதோ சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் குழந்தை கேட்டது இலக்கணம் அல்லவே!

டிக்கெட் ஜன்னலில் கற்ற பாடம்

அப்போது எனக்குக் கைகொடுத்தது என் உத்தியோகம்தான். டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் நாள் முழுவதும் நடப்பது ஒப்பிடும் வேலை அல்லாமல் வேறென்ன? திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு இரண்டு வழி. ஒன்று கோட்டயம், பாலக்காடு வழியாகச் செல்லும் மெயில். மற்றொன்று நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை வழியாகச் செல்லும் அனந்தபுரி. "இரண்டில் எது நல்ல வண்டி?" என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது? மதுரையில் இறங்க வேண்டியவருக்கு மெயில் எதற்கு? திருச்சூரில் ஏற வேண்டியவருக்கு அனந்தபுரி எதற்கு? முழங்கால் வலிக்காரருக்குக் கீழ் பெர்த் கிடைக்கும் வண்டிதான் நல்ல வண்டி. பரீட்சைக்குப் போகும் பையனுக்கு நேரத்தில் போய்ச் சேரும் வண்டி நல்ல வண்டி.

இதை அவளிடம் சொன்னேன். "எதில் ஒப்பிடுகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும், கண்ணு. கைடு போட்டவர் அறைகளை எண்ணினார். நீயும் அறையைத்தான் எண்ண வேண்டும் என்று யார் சொன்னது?"

பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, நடுவே கோடு கிழித்தோம். இடப்பக்கம் லயம், வலப்பக்கம் நகரம். நகரத்து வீட்டுக்கு எங்கே போவது? என் வீட்டையே கொடுத்தேன். சாலைக் கடைத்தெருவை ஒட்டிய சந்தில் இரண்டு அறை கொண்ட வாடகைப் போர்ஷன். பக்கத்து லயத்திலிருந்தும் நாலைந்து பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். கேள்விகள் பறந்தன.

"மாமா வீட்டு ஜன்னலைத் திறந்தா என்ன தெரியும்?"

"பக்கத்து வீட்டுச் சுவர்."

"தண்ணி எப்ப வரும்?"

"குழாயில் விட்டால் வரும்."

"ராத்திரி சத்தம் இருக்குமா?"

"லாரியில் சரக்கு இறக்குகிற சத்தம் விடிய விடியக் கேட்கும்."

"ஆஸ்பத்திரி?"

"ஆட்டோவில் பத்து நிமிஷம்."

இந்தக் கடைசிப் பதிலுக்குப் பிறகு திண்ணையில் சற்று அமைதி. இங்கே பிரசவ வலி கண்டாலும், பாம்பு கடித்தாலும், காட்டு வழியே விதுராவுக்கு இறங்க வேண்டும். வண்டி கிடைக்க வேண்டும், வழியில் யானை நிற்கக் கூடாது. அதையும் தாளில் எழுதச் சொன்னேன். ஆஸ்பத்திரி, காலேஜ், பஸ் மூன்றிலும் நகரம் ஜெயித்தது. காற்று, தண்ணீர், அமைதி, அக்கம்பக்கம் நான்கிலும் லயம் ஜெயித்தது. அறைக் கணக்கில் என் வீட்டுக்கும் லயத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தபோது பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு!

'தேன்' எங்கே இருக்கிறது?

விஷயம் கிடைத்துவிட்டது. இனி ஆங்கிலம். அதில்தான் இடறல்கள்.

'பிக்' என்றால் பெரிய. 'பிக்கர் தேன்' என்றால் அதைவிடப் பெரிய. நான் 'தேன்' என்றதும் ஒரு சின்னப் பையன், "தேன் எங்க மாமா? காணிக்காரங்ககிட்டதான் இருக்கும்!" என்றான். எல்லோரும் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆனால் அந்தச் சொல் அன்று யாருக்கும் மறக்கவில்லை.

அடுத்து 'மோர் பிக்கர்' என்று எழுதினாள் பெண். "எங்கள் வீட்டில் இரண்டு அறை இருக்கிறது" என்பதற்கு, "மை ஹவுஸ் டூ ரூம்ஸ் இஸ் தேர்" என்று எழுதினாள். தப்பு என்று எனக்குத் தெரிந்தது. ஏன் அந்தத் தப்பு வருகிறது என்று சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு பையன், "அகத்தியமலைதான் உலகத்திலேயே ஹையஸ்ட்" என்றான். அகத்தியர்கூடத்தின் உயரம் 1868 மீட்டர். நீலகிரியின் தொட்டபெட்டா 2637 மீட்டர். நம் கேரளத்திலேயே மூணாறு பக்கம் இருக்கும் ஆனைமுடி 2695 மீட்டர், தென்னிந்தியாவில் அதுதான் உயரம். இதைச் சொன்னதும் பையன் முகம் வாடிவிட்டது. "ஆனா எங்க வாசல்ல இருந்து பார்த்தா இதுதான் உயரம்" என்றான். "அப்படியே எழுது, அதுவும் சரிதான்" என்றேன்.

இலக்கணம் என்ன சொல்கிறது?

திரும்பி வந்த பிறகு, திருவனந்தபுரத்தில் எனக்குத் தெரிந்த, ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் அழகாக விளக்கினார்.

"தமிழில் 'அந்த வீட்டை விட இந்த வீடு பெரிது' என்கிறோம். 'பெரிது' என்ற சொல் மாறுவதே இல்லை. ஒப்பிடும் வேலையை 'விட' என்ற சொல் செய்துவிடுகிறது. அது 'விடு' என்ற வினையிலிருந்து வந்தது. 'அந்த வீட்டை விட்டுவிட்டு இதைப் பார்' என்பது போல. மலையாளத்திலும் 'ஏக்காள்', 'காட்டில்' என்று போட்டால் போதும், பண்புச் சொல் அப்படியே நிற்கும். ஆங்கிலத்தில் அந்தப் பண்புச் சொல்லுக்கே வால் முளைக்கிறது. பிக், பிக்கர், பிக்கெஸ்ட். நீளமான சொல்லாக இருந்தால் வாலுக்குப் பதில் முன்னால் 'மோர்', 'மோஸ்ட்' வருகிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று இருக்கும் குழந்தை ஆங்கிலத்துக்கு வரும்போது, எது போதும் என்று தெரியாமல் இரண்டையும் போட்டுவிடுகிறது. அதுதான் 'மோர் பிக்கர்'. அறியாமை இல்லை, ஜாக்கிரதை!"

'இரண்டு அறை இருக்கிறது' என்ற வாக்கியத்துக்கும் இதே கதைதான். தமிழில் 'இருக்கிறது' கடைசியில் வரும். ஆங்கிலத்தில் 'தேர் ஆர்' என்று அது வாசலிலேயே நிற்க வேண்டும். 'முன்னால்', 'பின்னால்', 'பக்கத்தில்' போன்றவையும் அப்படியே. நாம் 'வீட்டுக்குப் பின்னால்' என்கிறோம், அவர்கள் 'பின்னால்' என்பதை முதலில் சொல்கிறார்கள். வீட்டை வர்ணிக்கும் பாடத்தை ஆரம்ப வகுப்புகளிலேயே வைப்பதற்குக் காரணம் இதுதான் என்றார் அவர். இந்த அமைப்புகள் அத்தனையும் ஒரு வீட்டுக்குள் அடங்கிவிடுகின்றன.

அவர் சொன்ன இன்னொரு செய்தி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1979 முதல் 1984 வரை, பெங்களூரிலிருந்த தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தின் ஆதரவில், என்.எஸ். பிரபு என்ற பேராசிரியர் ஒரு பரிசோதனை நடத்தினார். அவர் அப்போது சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில், இலக்கணத்தைத் தனியே நடத்தாமல், பிள்ளைகள் யோசித்துத் தீர்க்க வேண்டிய வேலைகளைக் கொடுத்தே ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார்கள். ஊர்ப் படம், கட்டடங்களின் வரைபடம் இவற்றோடு எதைக் கொடுத்தார்கள் தெரியுமா? ரயில்வே கால அட்டவணை! எந்த வண்டி முதலில் போகும், எதில் ஏறினால் நேரத்துக்குச் சேரலாம் என்று கண்டுபிடிக்கிற மும்முரத்தில், ஆங்கிலம் தானாக வந்து படியும் என்பது அவர் கருத்து. 1987-இல் அவர் இது பற்றி எழுதிய புத்தகம் ஆக்ஸ்போர்டு பதிப்பாக வெளிவந்து, வெளிநாடுகளிலும் ஆசிரியர் பயிற்சியில் பேசப்பட்டது. டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இதைக் கேட்டதும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது!

'ஊர்' என்ற சொல்லையும் அவரிடம் கேட்டேன். அதற்கு ஆங்கிலத்தில் நேர்ச் சொல் இல்லை என்றார். வில்லேஜ் என்றால் கிராமம், டவுன் என்றால் பட்டணம், சிட்டி என்றால் மாநகரம். 'நேட்டிவ் பிளேஸ்' என்று நாம் எழுதுவது நம் நாட்டு வழக்கு. போனக்காட்டுப் பிள்ளைக்கு எது நேட்டிவ் பிளேஸ்? தாத்தா பிறந்த திருநெல்வேலிச் சீமையா, தான் பிறந்த மலையா? நம் பத்திரிகையின் வாசகர் வீடுகள் பலவற்றிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

கூரையைப் பற்றி எழுதினாயா?

போனக்காட்டுக்கு மீண்டும் வருவோம். மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அடுக்களையிலிருந்து அக்காள் ஒரு வாளியைக் கொண்டுவந்து அறையின் நடுவில் வைத்தார். சொட்டு விழும் இடம் அவருக்கு மனப்பாடம். அதே வேகத்தில் மகளைக் கேட்டார்:

"ஏட்டி, காத்து நல்லா இருக்கு, தண்ணி நல்லா இருக்குன்னு எழுதினியே, கூரையைப் பத்தி எழுதினியா?"

பெண் என்னைப் பார்த்தாள். எனக்கு உள்ளூர வெட்கமாக இருந்தது. குழந்தையின் கூச்சத்தைப் போக்க வேண்டும் என்ற அவசரத்தில், லயத்துக்கு ஜெயம் தேடிக் கொடுப்பதிலேயே குறியாக இருந்துவிட்டேன். டிராயிங் ரூம் இருப்பதாக எழுதுவது ஒரு பொய் என்றால், ஒழுகும் கூரையை விட்டுவிட்டு மலைக்காற்றை மட்டும் எழுதுவது அதற்கு அண்ணன் அல்லவா?

தோட்டத் தொழிலாளிக்கு வீடு கொடுத்துப் பராமரிப்பது முதலாளியின் பொறுப்பு என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் போட்டும் பல மலைகளில் லயங்கள் என்ன நிலைக்கு வந்தன என்பதை நாம் அறிவோம். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. கயத்தாறு வட்டாரத்திலிருந்து பிழைக்கப் போன தமிழ்க் குடும்பங்கள் அவற்றில் பல. அந்தச் செய்தியை டெலிவிஷனில் பார்த்த இரவு தான் தூங்கவில்லை என்றார் அக்காள்.

"'சேஃப்' எழுது" என்றேன் பெண்ணிடம். "பாதுகாப்பு. அதிலும் ஒப்பிட வேண்டும்."

அவள் எழுதினாள். "பட்டணத்து வீட்டுக் கூரை எங்கள் கூரையை விடப் பத்திரமானது. எங்கள் கூரை போன வருஷத்தை விட மோசமாக இருக்கிறது." ஆங்கிலத்தில் இரண்டே வரி. 'சேஃபர் தேன்' ஒன்று, 'வொர்ஸ் தேன்' ஒன்று. 'மோர்' எதுவும் தவறிப்போய் நுழையவில்லை. காலையில் அவள் எழுதப் பயந்த 'வொர்ஸ்' என்ற அதே சொல்தான். இப்போது அதை எழுதும்போது அவள் தலை குனியவில்லை. கூரையைப் பழுது பார்க்காமல் விட்டது அவள் குற்றம் இல்லையே!

அக்காள் வாளியை நகர்த்தியபடியே கேட்டார்: "இதே மாதிரி பெரிய ஆபீசருக்கும் எழுதலாமா தம்பி?"

"தாராளமாக எழுதலாம் அக்கா. இந்த இரண்டு வரியைத்தான் மனுவில் முதலில் போட வேண்டும்" என்றேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

போனக்காட்டில் பேய் பங்களா என்று பெயர் வாங்கிய பழைய துரை பங்களா ஒன்று உண்டு. அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வாலிபர்கள் வருகிறார்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஆள் இல்லாத பங்களாவுக்கு இருக்கும் கீர்த்தி, ஆள் இருக்கும் லயத்துக்கு இல்லை. அந்தப் பெண் இதையும் ஒரு வரியாக எழுதினாள்: "பங்களா எங்கள் லயத்தை விடப் பெரியது. ஆனால் அதில் விளக்கு எரிவதில்லை."

மலையடிவாரத்து விதுராவில் 2008-இல் தொடங்கிய இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகத்தின் வளாகம் இருக்கிறது. நெடுமங்காடு அருகே வலியமலையில் 2007-இல் தொடங்கிய விண்வெளி அறிவியல் கழகம் இருக்கிறது. இரண்டிலும் பாடம் ஆங்கிலத்தில்தான். மலையிலிருந்து பஸ் இறங்கிப் படிக்கப் போகும் பிள்ளைகள் ஒருநாள் அந்த வாசல்களில் நுழைய வேண்டும் என்றால், கைடு புத்தகத்து டிராயிங் ரூமை மனப்பாடம் செய்து பயன் இல்லை. கண்ணால் கண்டதை அளந்து, சரியான சொல் தேடி எழுதிப் பழக வேண்டும்.

அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக் கோடு கிழியுங்கள். நம் வீடு, சித்தப்பா வீடு. நம் ஊர், மாமா இருக்கும் சென்னை. எதில் ஒப்பிடுவது என்று பிள்ளைகளே சொல்லட்டும். ஒழுகும் இடத்தை மறைக்க வேண்டாம். முதலில் தமிழில் பேசட்டும், பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும். ஒன்றிரண்டு 'மோர் பிக்கர்' வந்தால் குட்ட வேண்டாம், மெதுவாகத் திருத்தினால் போதும்.

மாலையில் பிள்ளைகள் எல்லோரும் என்னை பஸ் ஏற்றிவிட வந்தார்கள். மழை விட்டு, மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸைக் காணோம். 'தேன்' கேட்ட சின்னப் பையன் சாலையை எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னான்: "டுடே பஸ் இஸ் லேட்டர் தேன் எஸ்டர்டே!"

அந்தப் பெண்ணின் கட்டுரைக்கு எத்தனை மார்க் என்று இன்னும் தகவல் வரவில்லை. அங்கே போன் சரியாகக் கிடைப்பதில்லை. ஆனால் வகுப்பில் எழுந்து நின்று பத்து வரியையும் வாசித்தாள் என்று நண்பர் மூலம் தெரிந்துகொண்டேன்.